சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற

வாசகர் கேள்வி – மெக்கானிக் பதில்

இந்த தடவை வந்த கடிதத்தையெல்லாம் பிரிச்சு வச்சா ரெண்டே குவியல்தான். ஒண்ணு, "கூலன்ட் குறையுது, எங்க போகுதுன்னே தெரியல" (கூலன்ட்ங்கறது இன்ஜின் சூட்டை ஆத்த ரேடியேட்டர் வழியா சுத்தற திரவம்). இன்னொண்ணு, "வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குது". எல்லாமே வயசான வண்டிங்க. அதனால மைலேஜ், டயர், பெயின்ட் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இது ரெண்டை மட்டும் எடுத்துக்கறேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருக்காங்க, அதனால யார் பேரும் போடல.

கேள்வி: அண்ணே, என் வண்டிக்கு 17 வயசு. பத்து நாளைக்கு ஒருக்கா கூலன்ட் டப்பாவுல அரை லிட்டர் ஊத்த வேண்டியிருக்கு. ஆனா நிறுத்துற இடத்துல தரையில ஒரு சொட்டு கூட இல்ல. காட்டின இடத்துல ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை கழட்டணும்ங்கறாங்க. கழட்டலாமா?

இப்போதைக்கு கழட்டாதீங்க தம்பி. ஹெட் கேஸ்கெட்ங்கறது இன்ஜின் பிளாக்குக்கும் அதுக்கு மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற அடைப்பு தகடு, அதை பாக்க இன்ஜினையே பிரிக்கணும். தரையில சொட்டு இல்லங்கறதால ஒழுகலன்னு சொல்லிட முடியாது. இன்ஜின் சூடா இருக்கறப்போ ஊசிமுனை அளவு ஓட்டை வழியா வர்ற கூலன்ட், பக்கத்துல இருக்கற சூடான இரும்புல பட்டதும் தண்ணி ஆவியா போயிடும், தரைக்கு வர்றதுக்கு எதுவும் மிஞ்சாது. ஓடிட்டு இருக்கறப்போ ஒழுகினா ஃபேன் காத்து அடிச்சு தெறிச்சு இன்ஜின் முழுக்க பூசிட்டு போயிடும். வீட்டுக்கு வந்து நிறுத்தி இன்ஜின் ஆறினதும் உள்ள அழுத்தமும் இறங்கிடும், ஓட்டையும் வாயை மூடிக்கும். நீங்க காலைல குனிஞ்சு பாத்தா சுத்தமான தரைதான் தெரியும்.

முதல்ல ரேடியேட்டர் மூடியை சந்தேகப்படுங்க. எல்லாரும் கடைசியா பாக்கற சாமான் அதுதான், ஆனா முதல்ல பாக்க வேண்டியது அது. நிறைய வண்டிங்கள்ல அந்த மூடி மேலயே 0.9 இல்ல 1.1ன்னு பார்ங்கற அழுத்த அளவுல போட்டிருக்கும், அதையே பிஎஸ்ஐங்கற அளவுல சொன்னா 13லேருந்து 16. அந்த நம்பர் சும்மா இல்ல. தண்ணியும் கூலன்ட்டும் பாதிக்கு பாதி கலந்தா வெறுமனே 107 டிகிரி பக்கம் கொதிக்கும், அதையே 15 பிஎஸ்ஐ அழுத்தத்துல அடைச்சு வச்சா 129 டிகிரி வரைக்கும் தாங்கும். மூடியில இருக்கற ரப்பர் வாஷர் காஞ்சு வெடிச்சுட்டா அழுத்தம் நிக்காது, மேடு ஏறறப்போ, டிராஃபிக்ல நிக்கறப்போ சீக்கிரமே கொதிச்சு டப்பா வழியா வெளிய போயிடும். ஹோஸ் எல்லாம் நல்லா இருக்கும், ரேடியேட்டர் நல்லா இருக்கும், கூலன்ட் மட்டும் இருக்காது. மூடிக்கு நடுவுல சின்னதா இன்னொரு வால்வு தொங்கும், இன்ஜின் ஆறறப்போ டப்பாவுல இருந்து கூலன்ட்டை திரும்ப உள்ள இழுக்கறது அதோட வேலை. அது ஒட்டிக்கிச்சுன்னா காலைல மேல் ஹோஸ் சப்பையா உறிஞ்சின மாதிரி கிடக்கும். இதையெல்லாம் ஜில்லுன்னு இருக்கறப்போ மட்டும் பாருங்க. சூடா இருக்கற இன்ஜின்ல மூடியை திறந்தீங்கன்னா 100 டிகிரிக்கு மேல இருக்கற தண்ணி அந்த நொடியே கொதிச்சு முகத்துக்கு வரும், துணி போட்டு திறந்தாலும் கதை அதேதான்.

மூடி சரியா இருக்குன்னா, ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின்ல கூலன்ட்டை அளவா நிரப்பிட்டு டப்பாவுல ஒரு டேப் ஒட்டி பேனாவால கோடு போடுங்க. பக்கத்துலயே தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்க. "பத்து நாளைக்கு அரை லிட்டர்"ங்கறதை விட "300 கிலோமீட்டர்ல இவ்வளவு, அதுல பாதி தூரம் மேடு"ங்கறது பத்து மடங்கு உபயோகமான தகவல். அப்புறம் ஒரு டார்ச்சும் சின்ன கண்ணாடியும் எடுத்துக்கிட்டு உப்பு பூத்த இடத்தை தேடுங்க. கூலன்ட் காஞ்சா வெள்ளையாவோ பச்சையாவோ ரோஸாவோ ஒரு படலம் விட்டுட்டுதான் போகும், தண்ணி ஆவியானாலும் அது போகாது. ரேடியேட்டர்ல பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் மடக்கி சேத்திருக்கற ஓரம், ஹோஸ் கிளிப் இறுக்கின இடம், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணிக்கு வழி விடற வால்வு) மூடி, ஹீட்டருக்கு போற ரெண்டு ஹோஸ், இன்ஜின் பிளாக்ல வட்டமா தட்டி வச்சிருக்கற வாட்டர் டம்மி, இத்தனையும் பாக்கணும். டம்மி பின்னாடி பக்கத்துல, மேனிஃபோல்டுக்கு (இன்ஜினோட சேத்து மாட்டின காத்து, புகை போற குழாய்க்கு) கீழ இருந்தா கண்ணாடி இல்லாம தெரியவே தெரியாது.

வாட்டர் பம்பை தனியா பாருங்க. புல்லிக்கு பின்னாடி பம்ப் உடம்புல பென்சில் முனை நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதை உடைசல்னு நினைச்சு பேஸ்ட் வச்சு அடைச்ச புண்ணியவான்களை நான் பாத்திருக்கேன். அது கம்பெனியே வேணும்னு வச்ச ஓட்டை. உள்ள இருக்கற சீல் தேஞ்சா கூலன்ட் பேரிங்குக்குள்ள போகாம அது வழியா வெளிய வரட்டும்னு வச்சிருக்காங்க. அதுக்கு கீழ கண்ணீர் வழிஞ்ச மாதிரி ஒரு கோடு காஞ்சிருந்தா பம்ப் சொல்லிட்டு போகுதுன்னு அர்த்தம். புல்லியை பிடிச்சு முன்ன பின்ன ஆட்டி பாருங்க, ஆட்டம் இருந்தா தள்ளி போடாதீங்க.

என் சொந்த அவமானம் ஒண்ணு சொல்றேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வண்டிக்கு ரேடியேட்டரையே மாத்தினேன், அதோட கீழ் மூலையில இருந்துதான் சொட்டுச்சு, கண்ணால பாத்தேன். புதுசு போட்டு ரெண்டாம் நாளே அதே மூலையில அதே சொட்டு. ஒழுகினது மேல, தெர்மோஸ்டாட் மூடியோட பேக்கிங்ல. அங்கிருந்து மேல் ஹோஸோட அடிப்பக்கமா ஓடி, ரேடியேட்டர் பக்கவாட்டுல இறங்கி, கீழ் மூலையில வந்து சேந்து சொட்டியிருக்கு. அந்த ரேடியேட்டர் என் கணக்குல போச்சு. அன்னையில இருந்து சொட்டுற இடத்துல தொடங்கி விரலை மேல மேல கொண்டு போயி, ஈரத்தோட உச்சி எங்கன்னு பாக்காம ஸ்பானரை தொடறதில்ல.

கண்ணுக்கு எதுவும் சிக்கலன்னா பிரஷர் டெஸ்டர் போட சொல்லுங்க. கைப்பம்பு மாதிரி ஒரு சாமான், மூடி இருக்கற இடத்துல மாட்டி மூடியில போட்டிருக்கற அழுத்தத்துக்கு மட்டும் அடிச்சு நிறுத்தணும், அதுக்கு மேல அடிச்சா நல்லா இருக்கற பழைய ஹோஸையும் நாமளே பிச்சுடுவோம். இன்ஜின் ஜில்லுன்னு இருக்கறதால வர்ற கூலன்ட் ஆவியாகாது, இருக்கற இடத்துலயே முத்து முத்தா நிக்கும். கால் மணி நேரம் விட்டு பாருங்க. முள்ளு இறங்கி, வெளிய எங்கயும் ஈரம் இல்ல, வண்டிக்குள்ள தரையும் காஞ்சு கிடக்குன்னா அப்பதான் ஹெட் கேஸ்கெட் பேச்சையே எடுக்கணும்.

அதுக்கும் கழட்டாமலே சோதனை இருக்கு. காலைல முதல் ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் கழிச்சு மேல் ஹோஸை அமுக்கி பாருங்க, தண்ணி இன்னும் சூடே ஆகல ஆனா ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடுச்சுன்னா சிலிண்டர்ல எரிஞ்ச கேஸ் கூலன்ட்டுக்குள்ள போகுது. ஒர்க் ஷாப்புல நீல கலர் திரவம் ஊத்தின ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில வச்சு அங்க வர்ற காத்தை இழுத்து பாப்பாங்க, எரிஞ்ச கேஸ் இருந்தா நீலம் மஞ்சளாயிடும். சைலன்சர்ல சூடான பிறகும் நிக்காம வெள்ளை புகை வந்தா, அதுல தித்திப்பு வாடையும் இருந்தா அதுவும் சாட்சி. ஆனா ஆயில் மூடிக்கு அடியில கிரீம் மாதிரி ஒட்டியிருக்குன்னு மட்டும் வச்சு தீர்ப்பு சொல்றவங்களை நம்பாதீங்க, தினமும் ரெண்டு ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடற வண்டியில ஆயில் சூடேறாம ஈரம் தங்கி அப்படித்தான் வரும். டிப் ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்கற கம்பியில) வர்ற ஆயிலே வெளுத்து போயிருந்தா அது வேற விஷயம், அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

கேள்வி: காருக்குள்ள ஒரு மாதிரி தித்திப்பா வாடை வருது சார். முன் கண்ணாடி உள்பக்கம் அடிக்கடி மங்குது, துடைச்சா எண்ணெய் தேச்ச மாதிரி ஆகுது. ஏசி தண்ணிதான் உள்ள வருதுன்னு என் வீட்டுக்காரர் சொல்றார்.

ஏசி தண்ணின்னா வாடை இருக்காதும்மா, இருந்தா புழுக்க வாடைதான் இருக்கும், விரல்ல தேச்சா வழுக்காம, சாதா தண்ணி மாதிரி காஞ்சுடும். கண்ணாடியில எண்ணெய் படலம் விடாது. நீங்க சொல்ற மூணும் சேந்து வந்தா ஹீட்டர் கோர்தான். டேஷ்போர்டுக்கு உள்ள இருக்கற குட்டி ரேடியேட்டர் அது, அதுல ஒழுகினா கூலன்ட் ஆவி நேரா காத்து வர்ற வழியில கலந்து கண்ணாடியில படியும். முன் சீட்டுக்கு முன்னாடி மிதியடியை தூக்கி, அதுக்கு அடியில இருக்கற கார்பெட்டையும் தூக்கி, கீழ இருக்கற ஸ்பாஞ்சை ஒரு வெள்ளை டிஷ்யூவால அமுக்கி பாருங்க. கலர் ஒட்டி வழவழன்னு இருந்தா முடிவாயிடுச்சு. மேல காஞ்சிருந்தாலும் ஸ்பாஞ்சுக்குள்ள ஒரு லிட்டர் வரைக்கும் குடிச்சுட்டு கமுக்கமா இருக்கும், கூலன்ட் வெளிய சொட்டாம காணாம போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டேஷ்போர்டை பிரிக்கறது பெரிய வேலை. அதுவரைக்கும் வண்டி ஓடணும்னா இன்ஜின் பக்கம் ஹீட்டருக்கு போற ஹோஸ், வர்ற ஹோஸ் ரெண்டையும் ஒரு குழாய் போட்டு ஒண்ணா சேத்துடலாம், ஹீட்டர் வேலை செய்யாது, கண்ணாடி மங்கினா சூடு காத்து அடிக்க முடியாது, மத்தபடி ஓடும். சேக்காம ரெண்டையும் தனித்தனியா அடைச்சு விடாதீங்க, சில இன்ஜின்ல தண்ணி சுத்தறதுக்கு அந்த வழியும் வேணும். இன்னொண்ணு, அந்த தித்திப்பு வாடை எத்திலீன் கிளைக்கால், ருசியும் தித்திப்புதான், ஆனா சிறுநீரகத்தை காலி பண்ற விஷம். கீழ சிந்தினதை பூனை, நாய் நக்கிட்டு சாகும். குழந்தைங்க உக்கார்ற இடத்துல கார்பெட் நனைஞ்சிருந்தா கழட்டி அலசி காய வச்சுட்டு போடுங்க.

கேள்வி: லீக் அடைக்கற பொடி, திரவம்லாம் ரேடியேட்டர்ல ஊத்தலாமா?

ஓட்டை எதுன்னு அதுக்கு தெரியாது. ஹீட்டர் கோர்ல இருக்கற மெல்லிசு குழாயும் அதுக்கு ஓட்டைதான். நடுரோட்டுல நின்னு வீட்டுக்கு வர வேற வழியே இல்லன்னா ஊத்துங்க, வந்ததும் முழுக்க அலசி எடுத்துடுங்க.

கேள்வி: காலைல மட்டும் ரெண்டு சொட்டு பச்சையா கிடக்கு. இன்ஜின் சூடானதும் நின்னுடுது. சூட்டுல ஒழுகினா புரியுது, ஜில்லுல ஒழுகுமா?

நல்லா ஒழுகும். ரப்பரும் உலோகமும் ஒரே அளவுக்கு சுருங்கறதில்ல, ராத்திரி ஆறினதும் பழைய ஹோஸ் இறுகி போயி பிடிப்பு விட்டுடும், சூடானதும் உப்பி திரும்ப பிடிச்சுக்கும். கிளிப்பை ஒரு சுத்து இறுக்கி பாக்கலாம், ஆனா ஹோஸ் முனை பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருந்தா இறுக்க இறுக்க வெட்டும், புது ஹோஸ்தான் வழி. கழட்டினதும் ஹோஸ் உக்கார்ற அலுமினிய கழுத்தை தடவி பாருங்க, அங்க அரிச்சு குழி குழியா இருந்தா புது ஹோஸ் போட்டாலும் அதே ரெண்டு சொட்டு வரும். உப்புத்தாள் போட்டு தேச்சு வழவழன்னு ஆக்கிட்டுதான் மாட்டணும். வெறும் பைப் தண்ணி ஊத்தி வருஷக்கணக்கா ஓடின வண்டியில இது சாதாரணம், அரிப்பை தடுக்கற மருந்து கூலன்ட்லதான் இருக்கு.

அப்படியே கலர் கேள்விக்கும் பதில் சொல்லிடறேன், மூணு பேர் கேட்டிருக்காங்க. பச்சையும் சிவப்பும் கலக்கலாமான்னு. கலர்ங்கறது வெறும் சாயம், கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதை வச்சு உள்ள என்ன மருந்துன்னு சொல்ல முடியாது. பழைய ரகம் 2 வருஷம் தாங்கும், புது ஆர்கானிக் ரகம் 5 வருஷம் வரைக்கும் போகும், ரெண்டும் கலந்தா ஆயுசு குறையும், சில சமயம் கஞ்சி மாதிரி கெட்டியாகி அடைச்சுக்கும். என்ன ஊத்தியிருக்குன்னு தெரியலன்னா முழுக்க வடிச்சுட்டு, டிஸ்டில்டு வாட்டர்ல அலசிட்டு, வண்டியோட புஸ்தகத்துல போட்டிருக்கறதை ஊத்துங்க.

கேள்வி: டேங்க் ஃபுல் பண்ணா ரெண்டு நாளைக்கு பின் சீட்ல பெட்ரோல் வாடை. பாதிக்கு கீழ இறங்கினதும் வாடையே இல்ல. வளைவுல திரும்பினா ஜாஸ்தியாகுது.

உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. நிரம்பினப்போ மட்டும் வாடைன்னா டேங்கோட மேல் பாதியில ஓட்டை. கீழ் பக்கமோ இன்ஜினுக்கு போற லைனோ ஒழுகினா பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பாக்காம எப்பவும் நாறும்.

மேல் பாதியில இருக்கறது நாலே சாமான். பெட்ரோல் போடற மூடியோட ரப்பர். அங்கிருந்து டேங்குக்கு போற தடிமனான ஹோஸ், இது சக்கரத்துக்கு மேல ஒளிஞ்சிருக்கும், வயசான வண்டியில வளையற இடத்துல பொடிப்பொடியா வெடிச்சிருக்கும். டேங்க் காத்து வாங்கற மெல்லிசு ஹோஸ். அப்புறம் டேங்குக்கு மேல ஃப்யூல் பம்ப் உக்காந்திருக்கற வாய், அதுக்கு கீழ ஒரு பெரிய ரப்பர் வளையம். நிறைய வண்டியில பின் சீட்டை தூக்கினா ஒரு வட்ட தகடு இருக்கும், அதை கழட்டினா பம்ப் தலை தெரியும். பம்பை மாத்தறப்போ பழைய வளையத்தையே திருப்பி போட்டு மூடிடறாங்க, பெட்ரோல்ல ஊறி பெருத்துப்போன ரப்பர் திரும்ப பள்ளத்துல உக்காராது. சமீபத்துல பம்ப் வேலை பாத்தீங்களா? பாத்திருந்தா எனக்கு வேற சந்தேகமே இல்ல.

தேடறப்போ மூக்கை ரொம்ப நம்பாதீங்க. பெட்ரோல் வாடையில அஞ்சு நிமிஷம் நின்னா மூக்கு மரத்துடும், அப்புறம் எங்க முகந்தாலும் ஒண்ணுதான். வெளிய போயி நடந்துட்டு வாங்க, இல்லன்னா அப்பதான் வந்தவங்களை முகர சொல்லுங்க. சந்தேகப்படற ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சுத்தமான டிஷ்யூவை சுத்தி ஒத்தி எடுங்க, ஒவ்வொண்ணுக்கும் புது டிஷ்யூ. பெட்ரோல் நொடியில காஞ்சுடும், கூலன்ட் மாதிரி உப்பு பூக்காது. ஆனா பல நாளா கசிஞ்ச இடத்துல தூசி கழுவிப்போயி அந்த இடம் மட்டும் பளிச்சுன்னு இருக்கும், இல்ல பழுப்பா வார்னிஷ் பூசின மாதிரி கறை நிக்கும்.

பங்க்குல தானா நின்ன பிறகும் "இன்னும் கொஞ்சம், ரவுண்டா"ன்னு போட்டுக்கற பழக்கம் இருந்தா இன்னையோட விடுங்க. அந்த மேல் பெட்ரோல் காத்து வழியில ஏறி கரி டப்பாவுக்குள்ள போகும். டேங்க்ல வர்ற ஆவியை பிடிச்சு வச்சு இன்ஜின் ஓடறப்போ கொடுக்கத்தான் அந்த கேனிஸ்டர், ஆவியைத்தான் அது குடிக்கும், திரவம் போனா கரி ஊறி வீணாயிடும், அப்புறம் வாடை தங்கிக்கிட்டே இருக்கும்.

கேள்வி: பானெட்டை திறந்தா ஒரு இடத்துல பெட்ரோல் நிஜமாவே சொட்டுது, மெதுவாத்தான். சர்வீஸ் வரைக்கும் 8 கிலோமீட்டர். ஓட்டிட்டு போயிடலாமா?

கூடாது. ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. மைனஸ் 40 டிகிரி பக்கமே பெட்ரோல் பத்திக்கற அளவுக்கு ஆவி விடும், காத்துல அந்த ஆவி 1.4 சதவீதம் சேந்தாலே போதும், ஒரு சின்ன பொறி வேலையை முடிச்சுடும். ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்நேட்டர் எல்லாமே பொறி விடற சாமான், புகை போற மேனிஃபோல்ட் வேற சூடு. கை வச்சு தள்ளி திறந்த வெளிக்கு கொண்டு போங்க. இந்த ஆவி காத்தை விட கனம், மேல போயி கலையாது, கீழ இறங்கி பள்ளத்துலயும் மூடின ஷெட்லயும் குளம் மாதிரி தேங்கும். அங்க லைட் ஸ்விட்சை கூட தட்டாதீங்க. பேட்டரி வயரை கழட்டறதும் வெளிய தள்ளி ஆவி கலைஞ்ச பிறகுதான், கழட்டறப்பவும் பொறி வரும். பவுடர் அணைப்பான் ஒண்ணு கை எட்டற தூரத்துல இருக்கட்டும், பெட்ரோல் தீயில தண்ணி ஊத்தினா தீ மிதந்து பரவும். கட்டி இழுக்கற வண்டியை கூப்பிடுங்க.

கேள்வி: என்னது கார்புரேட்டர் வண்டி. ஓட்டிட்டு வந்து நிறுத்தினா பத்து நிமிஷத்துல வாடை. காலைல ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்குது.

பெட்ரோலை காத்தோட கலந்து இன்ஜினுக்கு கொடுக்கற சாமான்தான் கார்புரேட்டர், கொஞ்சம் வாடை வர்றது இந்த ரக வண்டியோட குணம். நிறுத்தினதும் காத்தும் இல்ல, தண்ணி ஓட்டமும் இல்ல, இன்ஜின் சூடு மேல ஏறி கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கற பெட்ரோலை ஆவியாக்கும். காலைல கிண்ணம் காலியா இருக்கறதால பம்ப் திரும்ப நிரப்பற வரைக்கும் செல்ஃப் அடிச்சுட்டே இருக்கணும். கார்புரேட்டருக்கு அடியில தடுப்பா இருக்க வேண்டிய தடிமன் பேக்கிங் மாத்தி மெல்லிசா போட்டுட்டாங்களான்னு மட்டும் பாருங்க, சூடு ஜாஸ்தியா ஏறறதுக்கு அது ஒரு காரணம்.

ஆனா கார்புரேட்டர் வெளிப்பக்கம் ஈரமா இருந்தாலோ, ஏர் ஃபில்டரை கழட்டி பாக்கறப்போ நிறுத்தின இன்ஜின்ல பெட்ரோல் உள்ள சொட்டிட்டு இருந்தாலோ அது குணம் இல்ல, கோளாறு. கிண்ணம் நிரம்பினதும் பெட்ரோலை அடைக்கற நீடில் வால்வு தேஞ்சிருக்கும், இல்ல அதுல தூசி மாட்டியிருக்கும், இல்ல ஃப்ளோட்டுக்குள்ள பெட்ரோல் புகுந்து மிதக்க வேண்டியது முழுகியிருக்கும். ஃப்ளோட்டை கழட்டி காது பக்கத்துல வச்சு ஆட்டி பாருங்க, உள்ள சலசலன்னா தூக்கி போட வேண்டியதுதான்.

இன்ஜின் மேல மாட்டின டயாஃப்ராம் பம்ப் (ரப்பர் சவ்வு அசைஞ்சு பெட்ரோல் இழுக்கற பம்ப்) இருந்தா டிப் ஸ்டிக்கை எடுத்து முகந்து பாருங்க, இது ரொம்ப முக்கியம். உள்ள இருக்கற டயாஃப்ராம் கிழிஞ்சா பெட்ரோல் வெளிய சொட்டாம ஆயில்ல இறங்கும். ஆயில் அளவு குறையறதுக்கு பதிலா ஏறும், மேல் கோட்டையே தாண்டும். "பரவால்லயே, ஆயில் குடிக்காத வண்டி"ன்னு ஒருத்தர் என்கிட்ட பெருமையா சொன்னார், முகந்து பாத்தா பாதி பெட்ரோல். பேரிங் தப்பிச்சது அவர் நேரம். பம்பையும் மாத்தி ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திட்டுதான் ஸ்டார்ட் பண்ணணும்.

ஹோஸ் மாத்தறப்போ ஒண்ணு கவனிங்க. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரக ரப்பரை உள்ளுக்குள்ளயே ஊற வச்சு வெடிக்க வைக்கும், வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். ஹோஸை வளைச்சு பிடிச்சு பாருங்க, வெடிப்பு வாய் திறக்கும். புது ஹோஸ் மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு அச்சடிச்சிருந்தா நம்பி வாங்கலாம். கார்புரேட்டர் லைன்ல 3லேருந்து 6 பிஎஸ்ஐதான் இருக்கும், இன்ஜெக்‌ஷன் வண்டியில 40, 50ன்னு போகும், அதனால அதுக்கு போட வேண்டிய ஹோஸும் கிளிப்பும் வேற. தண்ணி ஹோஸை பெட்ரோலுக்கு போட்டவங்களும் இருக்காங்க, அதை பத்தி பேசினா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

கேள்வி: எனக்கு ரெண்டும் இருக்கு சார். இன்ஜெக்‌ஷன் வண்டி, 14 வயசு. கூலன்ட்டும் குறையுது, சைலன்சர்ல பெட்ரோல் வாடையும் அடிக்குது, மைலேஜும் போச்சு. பெட்ரோல் லைன் முழுக்க பாத்தாச்சு, எங்கயும் ஈரம் இல்ல. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இந்த மாசத்துலயே எனக்கு பிடிச்ச கேள்வி இதுதான். சம்பந்தம் இருக்கலாம். கம்ப்யூட்டருக்கு இன்ஜின் எவ்வளவு சூடுன்னு சொல்றது கூலன்ட்ல முழுகியிருக்கற ஒரு சென்சார். கூலன்ட் குறைஞ்சு அந்த இடத்துல காத்து நின்னுட்டா, காத்துல உக்காந்திருக்கற சென்சார் தப்பா சொல்லும். இன்ஜின் இன்னும் ஜில்லுன்னு இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை ஜாஸ்தியா விடும், எரியாதது சைலன்சர் வழியா வாடையா வரும். டேஷ்போர்டு முள்ளும் அதே மாதிரி ஏமாத்தும், தண்ணியே இல்லாம இன்ஜின் வெந்துட்டு இருக்கறப்போ முள்ளு மட்டும் நல்ல பிள்ளையா நடுவுல நிக்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிட்டாலும் இன்ஜின் முழு சூட்டுக்கு வராம இதே வாடை வரும்.

அதனால முதல்ல கூலன்ட் ஒழுக்கை முடிங்க, முதல் கேள்விக்கு சொன்ன வரிசையிலயே. நிரப்பறப்போ ஹீட்டரை முழு சூட்டுல வச்சு, காத்து எடுக்கற திருகு இருந்தா அதை லேசா திறந்து, குமிழி நிக்கற வரைக்கும் மெதுவா ஊத்துங்க. ஒரு ரவுண்டு ஓட்டி ஆற வச்சு திரும்ப அளவு பாருங்க, நிச்சயம் இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.

அப்புறமும் வாடை இருந்தா ஃப்யூல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோலை பிரிச்சு கொடுக்கற குழாய்) முனையில இருக்கற பிரஷர் ரெகுலேட்டரை பாருங்க. அதுல இருந்து காத்து போற மேனிஃபோல்டுக்கு ஒரு மெல்லிசு ஹோஸ் போகும், இன்ஜின் ஆறினதும் அதை உருவி நுனியை முகந்து பாருங்க. அதுல காத்து மட்டும்தான் இருக்கணும். பெட்ரோல் ஈரம் இருந்தா உள்ள டயாஃப்ராம் கிழிஞ்சு நேரா இன்ஜினுக்குள்ள ஊத்திட்டு இருக்கு, வெளிய ஒரு ஜாயின்ட்லயும் ஈரம் தெரியாது. சில வண்டியில ரெகுலேட்டர் டேங்குக்குள்ளயே இருக்கும், அந்த ஹோஸ் இல்லன்னா தேடி அலையாதீங்க. அதுவும் சரின்னா ஒரு பிளக் அடிக்காம இருக்கலாம், நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சா எது ஈரமா கறுத்திருக்குன்னு தெரிஞ்சுடும்.

கூலன்ட் வேலை முடிச்சுட்டு டப்பாவுல டேப் ஒட்டி கோடு போட்டு 500 கிலோமீட்டர் ஓட்டுங்க. கோடு எவ்வளவு இறங்குச்சு, வாடை ஜில்லுல வருதா சூட்டுல வருதான்னு ரெண்டே வரி எழுதி போடுங்க, அடுத்த இதழ்ல மிச்சத்தை பாக்கலாம்.